இரண்டு உருண்டைக் களி

சேகருக்கு,

நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். போன சனிக்கிழமை என் கண்ணாலேயே பார்த்தேன். உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டைக் கொடுப்பதற்காக முதல் நாளே மலையிலிருந்து இறங்கி, கணியம்பாடியில் உன் சித்தி வீட்டில் தங்கி, விடிந்ததும் நீ டிரில் மாஸ்டராக இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். நீ மைதானத்தில் இருந்தாய். பையன்கள் பதினைந்து இருபது பேர் வரிசையில் நின்றார்கள். நான் சுற்றுச்சுவருக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். நீ ஒவ்வொருவன் முன்னாலும் குனிந்து, "வாய ஊது" என்றாய். ஏழாவதோ எட்டாவதோ நின்ற ஒல்லிப் பையன் ஊதியதும் உன் முகம் மாறியது. வாழைப்பழ வாசனை வந்திருக்க வேண்டும். அவன் பிடரியைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போய், வாயில் விரலைவிட்டு, தின்றதை வெளியே எடுக்க வைத்தாய். அப்புறம் மற்றவர்களைவிட அவனுக்கு இரண்டு சுற்று கூடுதல் என்றாய். அவன் வாயைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடினான். நான் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது சுற்றில் அது சாம்பல் நிறமாகிவிட்டது. உனக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

பிறகு என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாய். பத்திரிகையை வாங்கிக்கொண்டு, டீ வாங்கிக் கொடுத்து, சிரித்தபடி சொன்னாய்: "எல்லாம் உங்க பாடம்தாம்பா. வயித்துல சோறு இருந்தா கால்ல ஓட்டம் இருக்காது. நான் பட்டவனாச்சே. அம்மா குடுத்த களியத் துன்னுட்டு அம்மாம் பேர் முன்னாடி வுழுந்தவனாச்சே." நான் டீயைக் குடித்து முடித்தேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். பஸ் மலையேறும் வழியெல்லாம் உன்னிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நேரில் சொன்னால் பாதியில் நீ எழுந்து போய்விடுவாய், அல்லது நான் பாதியில் வேறு ஏதாவது பேசிச் சமாளித்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போட நினைத்தால் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி. கடைசியில் உனக்குச் சேர வேண்டிய ஒன்று இருக்கிறது. அது என்னுடையதல்ல.

நீ எட்டாவது படிக்கும்போது உன்னை ஓட வைக்க ஆரம்பித்தேன். மலைப் பள்ளிக்கூடத்தில் நான் டிரில் மாஸ்டர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சாயங்காலம் பயிற்சி, உனக்கு மட்டும் காலையிலும். பனி இறங்கிக்கொண்டிருக்கும்போதே உன்னை எழுப்புவேன். பள்ளிக்கூட வாசலிலிருந்து பெரிய திருப்பம் வரை இறக்கம், திரும்பி வரும்போது ஏற்றம். நீ முன்னால் ஓட, நான் பின்னால் சைக்கிளில் புளிய மிளாறோடு வருவேன். காவலூர் வானாராய்ச்சிக் கூடத்தில் ராத்திரி வேலை முடித்துத் திரும்புகிறவர்களின் ஜீப் எதிரே வரும். அந்த டிரைவர் ஒருநாள் நிறுத்தி, "இன்னா சார், மாட்ட ஓட்டற மாதிரி புள்ளைய ஓட்டறீங்க?" என்று கேட்டார். நான் பெருமையாகச் சிரித்தேன். ஓடுவதற்கு முன்னால் உன்னை வாசலில் நிறுத்தி வாயை ஊதச் சொல்வேன். கூழ் வாசனை வந்தால் அன்றைக்கு இரண்டு மடங்கு தூரம். நீ வேப்பங்குச்சி மென்றுகொண்டு வந்து வாசனையை மறைக்கக் கற்றுக்கொண்டாய். நான் நாக்கைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஒருநாள் தானியக் குதிரில் இருந்த பச்சைச் சாமையை ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டு ஓடி, திருப்பத்தில் வாந்தி எடுத்தாய். மண்ணில் கிடந்ததைக் குச்சியால் கிளறிப் பார்த்து, சாமை என்று கண்டுபிடித்தேன். அதற்கு உன் கெண்டைக்காலில் விழுந்த அடி உனக்கு நினைவிருக்கும். அன்றைக்கு உன் அம்மாவுக்கும் விழுந்தது. குதிரைத் திறந்து வைத்தது அவள் என்று.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று நீ ஒருமுறை கேட்டாய். நான் சொன்ன கதை உனக்கு மனப்பாடம். இருபது வயதில் போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வேலூருக்குப் போனேன், ஓட்டத்துக்கு முன்னால் ஓட்டலில் வயிறு முட்ட தோசை தின்றேன், மூன்றாவது சுற்றில் வயிறு பிடித்துக்கொண்டது, வேலை போனது, இல்லையென்றால் இன்றைக்கு இன்ஸ்பெக்டர். இந்தக் கதையை நீ உன் பையன்களுக்கும் சொல்கிறாய் என்று கேள்வி. சொல்வதை நிறுத்து. ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

எமர்ஜென்சி வருஷம், மாவட்ட விளையாட்டுப் போட்டி. ஐயாயிரம் மீட்டர், பன்னிரண்டரை சுற்று. நம் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பேர்: நீயும் சடையனும். சடையன் மலைக்காரப் பிள்ளை, அப்பாவுக்கு மேட்டு நிலத்தில் சாமையும் கேவுரும். இருவருக்கும் நான்தான் பயிற்சி கொடுத்தேன், ஆனால் அவனுக்கு நான் சாப்பாட்டு விதி எதுவும் வைக்கவில்லை. அவன் ஜெயித்தால் பள்ளிக்கூடத்துக்குப் பெருமை, தோற்றால் எனக்கு ஒன்றும் குறைவில்லை. அவன் என் மகன் இல்லை. அதனால் அவன் சாப்பிட்டான். நீ என் மகனாக இருந்ததால் பட்டினி கிடந்தாய். எட்டு மணிக்கு ஓட்டம் என்றார்கள். முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு கரண்டி மோர்ச்சோறு, அதற்குமேல் உனக்கு எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டேன். சடையனின் அப்பா விடிகாலையில் மைதானத்துக்கு வெளியே கல்லில் உட்கார்ந்து, துணி மூட்டையை அவிழ்த்து அவனுக்குக் களியும் வெல்லமும் ஊட்டினார். நீ அதைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எட்டு மணி ஓட்டம் எட்டு மணிக்கு நடக்கவில்லை. தலைமை தாங்க வேண்டியவர் வரவில்லை. ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று. வெயில் ஏறியது. நீ ஒன்றுக்குப் போகிறேன் என்று கழிவறைப் பக்கம் போனாய். திரும்பி வர நேரமானதால் தேடி வந்தேன். சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து, உன் அம்மா உன் பைக்குள் எனக்குத் தெரியாமல் வைத்துவிட்ட வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தாய். இரண்டு உருண்டைக் களி, நடுவில் வெல்லத்தூள். ஒன்றைத் தின்று முடித்திருந்தாய், இரண்டாவது கையில். என்னைப் பார்த்ததும் அதை முழுதாக வாய்க்குள் திணித்துக்கொண்டாய். பதினேழு வயதுப் பையன், அவ்வளவு உயரம், கன்னம் புடைக்க, கண்ணில் நீர் வர, மெல்லாமல் விழுங்கப் பார்த்தாய். நான் உன் தலைமுடியைப் பிடித்துக் குனிய வைத்து விரலை விட்டேன். நீ என் கையைக் கடித்தாய். மறுபடியும் விட்டேன். வெறும் தண்ணீர் வரும்வரை விட்டேன். பக்கத்தில் சடையன் வந்து நின்றுவிட்டான். "சார், வுட்ருங்க சார், இன்னும் நேரம் கீது சார்" என்றான். அவனை அறைந்தேன். அவனும் ஓட வேண்டியவன் என்பதுகூட அப்போது தோன்றவில்லை.

பதினோரு மணிக்கு ஓட்டம் தொடங்கியது. ஏழு சுற்றுவரை நீதான் முன்னால். அதை நான் மறுக்கவில்லை. காலியான வயிறு கொஞ்ச தூரத்துக்கு ஏமாற்றும். உடம்பு லேசாக இருப்பதுபோல இருக்கும், பயமும் சேர்ந்து ஓட்டும். சடையன் நாற்பது ஐம்பது கஜம் பின்னால், அவசரமே இல்லாமல் வந்தான். எட்டாவது சுற்றில் உன் முழங்கால் தூக்கிப் போடுவது நின்றது. ஒன்பதில் கை கோணிக்கொண்டது. வெயிலில் உன் கழுத்து நனைந்து பளபளத்தது, ஆனால் முகம் வெளிறியிருந்தது. பத்தாவது சுற்றில் வளைவுக்கு முன்னால் நின்றாய். நின்று, திரும்பி, வந்த வழியே எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பித்தாய். கூட்டம் சிரித்தது. உனக்கு அந்தச் சிரிப்பு கேட்டிருக்காது என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறேன். எதிரே வந்தவன்மேல் மோதி விழுந்தாய். நான் கயிற்றைத் தாண்டி வந்து, உன்னைத் தூக்குவதற்காக அல்ல, காலால் உன் இடுப்பைத் தள்ளி, "எழுந்திரிடா, மானத்த வாங்காதடா" என்றேன். நீ நாக்கைக் கடித்துக்கொண்டு, மண்ணைக் கையால் பிறாண்டிக்கொண்டிருந்தாய்.

சடையன் முதலாவதாக வந்தான். கோட்டைத் தாண்டியவன் மூச்சு வாங்கக்கூட நிற்காமல் நேராக உன்னிடம் வந்து, உன்னைத் தோளில் போட்டு முதலுதவிக் கூடாரத்துக்குத் தூக்கிப் போனான். அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. உன் கன்னத்தைத் தட்டி, நீ விழுங்குகிறாய் என்று உறுதிப்படுத்திக்கொண்டு, குளுக்கோஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். கால்மணி நேரத்தில் நீ கண்ணைத் திறந்து உட்கார்ந்தாய். உட்கார்ந்ததும், "நான் எத்தனாவதுப்பா?" என்றாய். "நீ ஓடவே இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். டாக்டரம்மா என் பின்னாலேயே வந்தாள்.

"கடைசியா எப்ப சாப்ட்டான் சார்?"

"நேத்து சாயங்காலம்."

"அப்புறம் ஒண்ணுமே இல்லியா?"

"காலையில களி துன்னுட்டான். அதாம்மா கெடுத்துடுச்சு."

"தொண்டையில நகக் கீறல் கீதே. வாந்தி எடுக்க வெச்சீங்களா?"

"அவனே வெச்சிக்கிட்டான்."

அவள் என் கையில் இருந்த பல் தடத்தைப் பார்த்தாள். பொறுமையாகச் சொன்னாள்: "களி கெடுக்கல சார். களி இல்லாததுதான் கெடுத்துச்சு. தூங்கும்போதும் மூள வேல செய்யுது. ஈரல்ல சேத்து வெச்ச சர்க்கரைய எடுத்துச் செலவு பண்ணிடும். விடியும்போது அங்க பெருசா மிச்சம் இருக்காது. தசையில இருக்கிறது கொஞ்ச தூரம் ஓட்டும். அதுவும் கொறஞ்சு, ரத்தத்துல சர்க்கரை எறங்கிட்டா கை நடுங்கும், வேர்க்கும், கண்ணு இருட்டும், தெச தெரியாம போவும். உங்க பையன் திரும்பி ஓடுனது திமிர்ல இல்ல. அவனுக்கு எந்தப் பக்கம்னே தெரியல. இந்த வெயில் வேற. காலையில அஞ்சு மணிக்கு அதே களிய வயித்துல வெச்சிருந்தான்னா அநேகமா வுழுந்திருக்க மாட்டான்." நான், "சரிங்கம்மா" என்றேன். கைகட்டிக் கேட்டேன். ஒரு வார்த்தை விடாமல் புரிந்துகொண்டேன். இதை நன்றாகக் கவனி: உன் அம்மாவிடம் பழியைப் போடுவதற்கு முன்பே எனக்கு உண்மை தெரியும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஜன்னலோரம் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாய். மலைப்பாதை தொடங்கியதும், "ஏம்பா வுழுந்தேன்?" என்று கேட்டாய். சண்டை போடும் குரலில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய். இரண்டு மூன்று திருப்பம் கழியும்வரை யோசித்தேன். பிறகு, "உங்கம்மா குடுத்ததுல பாதி உள்ளயே தங்கிப்போச்சு. அது கல்லு மாதிரி ஒக்காந்து வுழ வெச்சுடுச்சு" என்றேன். நீ தலையாட்டினாய். வீட்டுக்குள் நுழைந்ததும் உன் அம்மா, "சாமி, இன்னா ஆச்சு?" என்று ஓடி வந்தாள். உன் சட்டையெல்லாம் மண். நீ அவளை விலக்கிவிட்டு, "ஏம்மா குட்த்தே?" என்றாய். அவ்வளவுதான் கேட்டாய். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாய். நான் மிச்சத்தை முடித்தேன்: "இத்தினி வருஷ ஓட்டத்த ரெண்டு உருண்டையில கவுத்துட்ட." அவள் வாசற்படியிலேயே நின்றாள். அடித்தால் அழுகிறவள், அன்றைக்கு அழவில்லை. என்னை நம்பினாள்.

நாலைந்து நாள் கழித்துச் சடையன், பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் கூஜாவைத் துணியில் சுற்றிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தான். நீ அன்று பள்ளிக்கூடத்துக்குச் சீக்கிரமே போய்விட்டாய். நான் உள்ளே சவரம் செய்துகொண்டிருந்தேன். "சேகர் ஓடியிருந்தா அவனுக்குத்தாம்மா இது. அவனே வெச்சிக்கட்டும்" என்று உன் அம்மா முன்னால் வைத்தான். அவள் கூஜாவைத் தொடவில்லை. "நீ இன்னா துன்னுட்டு ஓடுனே கண்ணு?" என்று கேட்டாள்.

"களிதாம்மா. வெல்லம் வெச்சு."

"எத்தினி?"

"ரெண்டு உருண்ட."

அவள் உள்ளே திரும்பி, மெதுவாக, "ஏங்க, இவனும் ரெண்டு உருண்டதான் துன்னானாம்" என்றாள். அந்த ஒரு நொடியில் அவள் உண்மையின் விளிம்புக்கு வந்துவிட்டாள். இன்னும் ஒரு கேள்வி கேட்டால் போதும். நான் முகத்தில் சோப்பு நுரையோடு வாசலுக்கு வந்து, சடையன் நிற்கும்போதே சொன்னேன்: "அவன் மலைக்காரன். கல்லத் துன்னாலும் செரிக்கும். அவன் வயிறு வேற, நம்ம புள்ள வயிறு வேற." சடையன் கூஜாவை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு, "வர்றேம்மா" என்று போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. இப்போது அவன் நிலத்தில்தான் இருக்கிறான். எதிரே பார்த்தால் சைக்கிளிலிருந்து இறங்கி வணக்கம் சொல்கிறான். அந்த மரியாதையை வாங்கிக்கொள்ள எனக்குக் கூசுகிறது. உன் அம்மா அன்று மத்தியானம் களிக்கென்று பானையில் இருந்த கேவுரு மாவு முழுவதையும் கோழிகளுக்குக் கொட்டினாள். சாகும்வரை நம் வீட்டில் அவள் களி கிண்டவில்லை. அதற்கு முன் அவள் களி கிண்டினால் பக்கத்து வீட்டுக்காரி கேட்டு வாங்கிப் போவாள்.

நீ உடற்கல்விப் பயிற்சிக்குப் போன பிறகு வீட்டிலிருந்து உனக்குக் கடிதம் வருமே. அவளுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்வாள், நான் எழுதுவேன். ஒவ்வொரு கடிதத்திலும் முடிவில் ஒரு வரி இருக்கும்: ஓடறதுக்கு முன்னாடி எதையும் வாயில வெக்காத சாமி. உண்மை தெரிந்த கையால் அதை எழுதினேன். எழுத்துப்பிழை இல்லாமல், அழகாக எழுதினேன். நீயும் அவள் பேச்சைக் கேட்டு, பயிற்சியில் எத்தனை முறை மயங்கினாயோ, எனக்குத் தெரியாது. நீ அதை அவளுக்கு எழுதவில்லை. அவள் மனம் நோகும் என்று மறைத்திருப்பாய். இப்படி நீங்கள் இருவரும் ஒருவருக்காக ஒருவர் பட்டினி கிடந்தீர்கள், நடுவில் நான் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தத் தோசைக் கதை. நான் தோசை தின்னவில்லை. அந்த வருஷம் எங்கள் ஊரில் மழை இல்லை. வேலூருக்குப் போவதற்கு முன் இரண்டு நாளாக எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு, பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் மாட்டு வண்டியிலும் போனேன். வழியில் ஒரு கிணற்றில் தண்ணீர் குடித்தேன். என் வயிற்றில் இருந்தது அதுதான். மூன்றாவது சுற்றில் கண் இருட்டியது. விழுந்தேன். ஒரு போலீஸ்காரர் என்னைக் காலைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போட்டார். ஊருக்குத் திரும்பியபோது எல்லாரும் கேட்டார்கள். சாப்பிட இல்லாமல் விழுந்தேன் என்று சொன்னால் என் அப்பாவுக்குத் தலைகுனிவு, எனக்கும்தான். அதனால், "ஓட்டல்ல ஜாஸ்தியா துன்னுட்டேன்" என்றேன். ஊரே சிரித்தது, ஆனால் தின்னக் கிடைத்தவன் என்று நினைத்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அதை ஒரு விதியாக்கி, என் சர்வீஸ் முழுக்கப் பிள்ளைகளிடம் சொல்லி, கடைசியில் உன் தொண்டைக்குள் விரலாக விட்டேன். உன்னைப் பட்டினி போட்டது உன் நன்மைக்காக என்று நீ யாரிடமும் சொல்லாதே. என் பொய் நிற்க வேண்டும் என்பதற்காக நீ விழுந்தாய்.

உன் பையன்களுக்குச் செய்ய வேண்டியதை எழுதுகிறேன். அந்த டாக்டரம்மா சொன்னதும், பிறகு நான் திருட்டுத்தனமாக மற்ற பிள்ளைகளிடம் கவனித்துத் தெரிந்துகொண்டதும் இதுதான். காலையில் அரைமணி நேரம் மெதுவாக ஓடுவதானால் வெறும் வயிறு பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்யாது. அதைப் பார்த்துத்தான் நாம் ஏமாறுகிறோம். நீண்ட ஓட்டமோ போட்டியோ என்றால் இரண்டரை மூன்று மணி நேரத்துக்கு முன்னால் களியோ இட்லியோ சோறோ இருக்க வேண்டும், வயிறு முட்ட அல்ல, பசி அடங்க. எண்ணெய்ப் பலகாரமும் வேர்க்கடலையும் வேண்டாம். அவை வயிற்றிலேயே கிடந்து பக்கவாட்டில் பிடிக்கும். முன்னால் தின்ன வழியில்லாத பிள்ளைக்கு அரைமணி முன்பு ஒரு வாழைப்பழம் கொடு. ஓட்டம் தள்ளிப் போனால் இன்னும் ஒன்று கொடு. எல்லா வயிறும் ஒன்றுபோல இருக்காது. போட்டிநாளில் புதிதாக எதையும் கொடுத்துப் பார்க்காதே, பயிற்சியில் பார்த்துக்கொள். அவன் உதடு வெளுத்தால், பதில் தப்பாகச் சொன்னால், நிறுத்தி உட்கார வைத்து வெல்லத் தண்ணீர் கொடு. வாழைப்பழம் தின்ற அந்தப் பையன் செய்தது சரி. உன் மைதானத்தில் அன்றைக்குப் புத்தியோடு இருந்தவன் அவன் ஒருவன்தான். நான் சுவருக்கு வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வாய் திறக்கவில்லை. அவன் விழுந்திருந்தால் அதற்கும் ஒரு களியைத் தேடியிருப்போம்.

வரப்போகிற பெண்ணுக்கும் இதைப் படித்துக் காட்டு. வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காதே. வீட்டில் எது கெட்டாலும் பழியை அடுப்படியில் கொண்டுபோய் வைப்பது இந்தக் குடும்பத்து ஆம்பிளைகளுக்குச் சுலபமாக வரும். அவள் அதைத் தெரிந்துகொண்டே உள்ளே வரட்டும். பிடிக்காவிட்டால் இப்போதே வராமலும் இருக்கட்டும்.

இனி எழுத வேண்டியது ஒன்றுதான். உன் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை முற்றிய அந்தக் கடைசி வாரம். நீ பயிற்சியிலிருந்து லீவு போட்டு வந்திருந்தாய். அன்று மத்தியானம் இளநீர் வாங்கக் கீழே போயிருந்தாய். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கண்ணை மூடிப் படுத்திருந்தவள், "ஏங்க, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள். கேள் என்றேன்.

"அன்னிக்கு அவன் வுழுந்தது என்னாலதானே?"

தெருவில் யாரும் இல்லை. நீ வர இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். "இல்ல" என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் அவள் அடுத்து, "அப்போ யாரால?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். சாகக் கிடந்தவளுக்குப் பயந்தேன். "அத இப்ப எதுக்குக் கெளர்ற? தூங்கு" என்றேன். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். ஆமாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நானும் அப்படிச் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் கொஞ்ச நேரம் கழித்து, "அவன் மொகத்தப் பாத்துக் கேக்க எனக்கு வாய் வரல. நான் போனப்புறம் நீங்க சொல்லிடுங்க. அம்மா தெரியாம குட்த்துட்டா, மன்னிச்சிக்கோன்னு" என்றாள். சொல்கிறேன் என்றேன். நீ இளநீரோடு வந்தபோது அவள் தூங்கிவிட்டாள். மறுநாள் நினைவு தப்பியது. அதற்கடுத்த நாள் போய்விட்டாள்.

நீ கொள்ளி வைத்துவிட்டு வந்து ஈர வேட்டியோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். அப்போது சொல்லியிருக்கலாம். பதினாறாம் நாள் சொல்லியிருக்கலாம். வேலை கிடைத்து நீ கிளம்பியபோது, பெண் பார்க்கப் போனபோது, போன சனிக்கிழமை டீக்கடையில். ஏழு வருஷம் வைத்திருந்தேன். இப்போது சொல்லிவிடுகிறேன்.

சேகர், உன் அம்மா உன்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

உன் அப்பா